எறியவும் அறுக்கவும் ஒரே கத்தி போதுமா?

விவசாயியின் இடுப்பிலோ சைக்கிள் பையிலோ ஒரு சிறு கத்தி எப்போதும் இருக்கும். உர மூட்டையின் தையலைப் பிரிக்க, கயிறு அறுக்க, சொட்டுநீர்க் குழாயை வெட்ட, வாழை இலை அறுக்க, ஆட்டின் குளம்பைச் சீவ என்று நாளொன்றுக்குப் பத்து இருபது தடவை அது கைக்கு வருகிறது. ஆயினும் மண்வெட்டி வாங்கும்போது காட்டும் கவனத்தில் பாதியைக்கூட கத்தி வாங்கும்போது நாம் காட்டுவதில்லை. சந்தையில் பளபளப்பாக இருப்பதை எடுத்து வந்துவிடுகிறோம். ஆறு மாதத்தில் நுனி உடைந்து, பிடி ஆடி, அது மூலையில் கிடக்கிறது.

இப்போது இன்னொரு வகைக் கத்தியும் கிராமங்களுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. "வேலைக்கும் ஆகும், எறியவும் ஆகும்" என்று விளம்பரம் செய்து விற்கப்படும் மடக்காத சிறு கத்தி அது. செல்போனில் படம் பார்த்து இளைஞர்கள் அதைத் தபாலில் வரவழைக்கிறார்கள். தோட்டத்துக்கும் ஆகும், பொழுதுபோக்குக்கும் ஆகும் என்றால் ஒரே செலவில் முடிகிறதே என்று தோன்றுவது இயல்புதான். உண்மையில் ஒரே கத்தி இரண்டுக்கும் உதவுமா? உதவாது என்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இவற்றை உழவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இரண்டு வேலை, இரண்டு குணம்

அறுக்கும் கத்திக்கு மெல்லிய அலகு வேண்டும். வாய்ப்பக்கம் கடினமாக இருக்க வேண்டும். அப்போதுதான் தீட்டிய கூர் நாள் முழுவதும் நிற்கும். எறியும் கத்திக்குத் தேவைப்படுவது இதற்கு நேர்மாறானது. அது மரத்தில் மோதும்போது அத்தனை வேகமும் நுனியில் இறங்குகிறது. குறி தவறிப் பக்கவாட்டில் மோதினால் அலகு முழுவதும் அதிர்கிறது. இந்த அடியைத் தாங்க அலகு தடிமனாக இருக்க வேண்டும். எஃகு சற்று மிருதுவாக, வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். கூரான வாய் அதற்குத் தேவையே இல்லை. நுனி மட்டும் கூராக இருந்தால் போதும். எறிபவர் சில சமயம் அலகைப் பிடித்தும் எறிவதால் வாய் கூராக இருந்தால் அவர் கையையே அறுத்துவிடும்.

எஃகின் கடினத்தை அளக்க ராக்வெல் என்ற அளவு உண்டு. நல்ல அறுக்கும் கத்திகள் பொதுவாக இந்த அளவில் 56 முதல் 60 வரை இருக்கும். எறியும் கத்திகளை 45 முதல் 55க்குள் நிறுத்திக் கொள்கிறார்கள். கடினமான எஃகை எறிந்தால் கண்ணாடி போல் நுனி தெறிக்கும். மிருதுவான எஃகைக் கொண்டு அறுத்தால் பத்து மூட்டை பிரிப்பதற்குள் மழுங்கிவிடும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைகிறது. இது செய்தவரின் குறையன்று. எஃகின் இயல்பே அதுதான்.

கனத்திலும் நீளத்திலும்கூட இதே வேறுபாடு இருக்கிறது. எறியும் கத்தி காற்றில் சுழன்றுகொண்டே போகிறது. கைதேர்ந்தவர் எறியும்போது சுமார் 3 முதல் 4 மீட்டர் தூரத்தில் அது ஒரு முழுச் சுற்று சுற்றி முடிக்கும். இந்தச் சுழற்சி ஒரே சீராக இருப்பதற்காக 10 முதல் 12 அங்குல நீளம், 200 கிராமுக்கு மேல் கனம், நடுவில் சமநிலை என்று செய்கிறார்கள். இடுப்பில் வைத்துக்கொள்ளும் கத்தியோ மொத்தம் 8 அங்குலம், 100 கிராம் அளவில் இருந்தால்தான் நாள் முழுவதும் சுமை தெரியாது. குட்டையாகவும் கனம் குறைவாகவும் உள்ள கத்தி எறிந்தால் வேகமாகச் சுழன்று, குறியில் குத்தாமல் தட்டித் திரும்பும். திரும்பும் கத்தி யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

நம் முன்னோர் செய்தது

எறிவதற்கென்று தனிக் கருவி வைத்துக்கொள்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. மதுரை, சிவகங்கைச் சீமைகளில் வழங்கிய வளரி அப்படிப்பட்டது. மரத்தாலோ இரும்பாலோ பிறை போல வளைத்து, ஒரு முனை கனமாகவும் மறு முனை மெலிந்தும் செய்யப்பட்ட எறிகருவி அது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயத் தளபதி, வளரி எறியத் தமக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுவே என்று 1830ஆம் ஆண்டில் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்தச் சின்ன மருது 1801ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். அதே சீமையில் திருப்பாச்சேத்தி அரிவாள் இன்றும் பெயர் பெற்றது. வளரியும் அரிவாளும் ஒரே வட்டாரத்தில் வழங்கியும், எறிய வேண்டியதற்கு ஒன்று, வெட்ட வேண்டியதற்கு ஒன்று என்றுதான் கொல்லர்கள் செய்தார்கள். அரிவாளுக்கு இருந்த பதம் வேறு. எறிகருவிக்கு இருந்த அமைப்பு வேறு.

பனையேறிகளிடமும் இந்த அறிவைக் காணலாம். பாளை சீவுவதற்கென்று தனி அரிவாள் வைத்துக்கொள்கிறார்கள். அதை வேறு எதற்கும் தொடுவதில்லை. இடுப்பில் கட்டிய அரிவாள் பெட்டியில் வைத்தே மரம் ஏறி இறங்குகிறார்கள்.

தோட்டத்தில் நடக்கும் எறிதல்

"நாங்கள் கத்தி எறிந்து விளையாடுவதில்லையே" என்று உழவர்கள் நினைக்கலாம். ஆனால் வேலை முடிந்ததும் கத்தியை மரத்தில் ஓங்கிக் குத்தி வைப்பதும், வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தூக்கிப் போடுவதும், தென்னை மரத்தின் உச்சியிலிருந்து கீழே நழுவ விடுவதும் எறிதல்தான். பல கத்திகளின் நுனி உடைவதும் பிடி கழல்வதும் இந்த மூன்றினால்தான்.

தென்னை மரத்திலிருந்து போடுவது மிகவும் ஆபத்தானது. 50 அடி உயரத்திலிருந்து விழும் கத்தி தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். காற்றில் சுழல்வதால் அது நேர் கீழே விழும் என்ற உறுதியும் இல்லை. மட்டையில் பட்டு விலகினால் காய் பொறுக்குபவர் தலைக்கு வரும். ஒரு முழம் கயிற்றைச் சேமிக்கப் போய் ஓர் உயிரைப் பணயம் வைக்கக்கூடாது. கத்தியைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். அல்லது உறையில் போட்டு இடுப்பில் கட்டியபடியே இறங்க வேண்டும்.

காட்டுப்பன்றி, குரங்கு, நாய் ஆகியவற்றின் மீது கத்தியை எறிவதும் பயன் தராது. சிறு கத்தி விலங்கை நிறுத்தாது, காயப்படுத்தி வெறியேற்றும். கையில் இருந்த ஒரே கருவியும் போய்விடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு விலங்குகளைக் காயப்படுத்துவது குற்றமும் ஆகும்.

எந்த எஃகு?

எஃகின் தரத்தைத் தீர்மானிப்பது அதிலுள்ள கரியின் அளவு. கட்டடக் கம்பி, சட்டம், தகடு போன்ற சாதாரண இரும்பில் கரி நூற்றுக்குக் கால் பங்கு அளவில்தான் இருக்கும். இதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கத்திக்குரிய கடினம் ஏறாது. இப்படிப்பட்ட இரும்பில் அடித்த கத்தி பார்வைக்கு நன்றாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு முறை தீட்ட வேண்டிவரும்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் கரி நூற்றுக்கு அரைப் பங்கிலிருந்து சற்று மேல் வரை இருக்கிறது. வளைந்து நிமிர்வதற்கென்றே செய்யப்பட்ட எஃகு ஆதலால் அடியைத் தாங்கும் குணம் இதில் அதிகம். கிராமத்துக் கொல்லர்கள் அரிவாளுக்கு இதை விரும்புவதன் காரணம் இதுதான். கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கையாளப்படும் கத்திக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பல ஆண்டு ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். துளை போட்ட இடத்தையும் துருப் பள்ளம் விழுந்த இடத்தையும் ஒதுக்கிவிட்டு, வழவழப்பான பாகத்தில் அடித்துத் தரும்படி கேளுங்கள்.

பழைய அரத்தில் கரி நூற்றுக்கு ஒரு பங்குக்கும் மேல் உண்டு. இதில் செய்த கத்தி சவரக் கத்தி போல் கூர் ஏறும், நெடுநாள் நிற்கும். ஒட்டுக் கட்டுவதற்கும் காய்கறி அறுவடைக்கும் மிகவும் ஏற்றது. ஆனால் கல்லில் விழுந்தால் உடையும். இதை எறியவோ, நெம்பவோ, மரத்தில் குத்தி வைக்கவோ கூடாது. அரத்தின் பற்களை முழுவதும் தேய்த்து எடுத்த பிறகே அடிக்க வேண்டும். பல் தடம் எஞ்சியிருந்தால் அங்கிருந்தே விரிசல் தொடங்கும்.

துருப்பிடிக்காத எவர்சில்வர் கத்திகளில் மலிவானவை மிருதுவானவை, கூர் நிற்பதில்லை. நல்லவை உண்டு என்றாலும் விலை அதிகம், வீட்டில் தீட்டுவதும் கடினம். உப்பு, உரம், எலுமிச்சை, மாங்காய்ப் பால் இவற்றோடு தினமும் புழங்குபவர்களுக்கு மட்டும் அது ஏற்றது எனலாம்.

தோய்ச்சலும் பதமும்

ஒரே பட்டையில் இரண்டு கொல்லர் அடித்த கத்திகள் ஒன்று போல் இருப்பதில்லை. காரணம் தோய்ச்சல். அலகைச் செஞ்சூடாகக் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று முக்குவதைத்தான் தோய்ச்சல் என்கிறோம். சூடு சரியாக ஏறியிருக்கிறதா என்று அறிய எளிய வழி காந்தம். சுமார் 770 டிகிரி சென்டிகிரேடில் எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போய்விடும். அதற்குச் சற்று மேலே சூடேற்றித் தோய்த்தால் சரியாக இருக்கும். ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில் தோய்ப்பது நல்லது. தண்ணீரில் தோய்த்தால் சில சமயம் விரிசல் விடும்.

தோய்த்த எஃகு மிகவும் கடினமாக, எளிதில் நொறுங்குவதாக இருக்கும். அதைத் திரும்பவும் இளஞ்சூட்டில் வாட்டி முரட்டுத்தனத்தைக் குறைக்க வேண்டும். இதுதான் பதம். தேய்த்துப் பளபளப்பாக்கிய அலகைச் சூடாக்கும்போது அதன் மேல் நிறங்கள் ஓடும். சுமார் 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 260ல் பழுப்பு, 280ல் ஊதா, 300ல் நீலம். அறுக்கும் கத்தியின் வாய்க்கு வைக்கோல் மஞ்சள் முதல் பழுப்பு வரை போதும். அடி தாங்க வேண்டிய கத்திக்கு ஊதாவிலிருந்து நீலம் வரை போகலாம். வாய்க்கு மஞ்சளும் முதுகுக்கு நீலமும் வரும்படி முதுகுப் பக்கம் மட்டும் சூடு கொடுக்கத் தெரிந்த கொல்லர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் கத்தி கூரும் நிற்கும், உடையவும் உடையாது. ஒரே கத்தியில் இரண்டு குணமும் ஓரளவு வேண்டும் என்பவர்களுக்கு இதுவே சரியான வழி. கொல்லுப்பட்டறைக்குப் போகும்போது "கத்தி வேண்டும்" என்று மட்டும் சொல்லாமல், என்ன வேலைக்கு என்பதையும், வாய்க்கு என்ன பதம், முதுகுக்கு என்ன பதம் என்பதையும் பேசிச் செய்யச் சொல்லுங்கள்.

அளவும் பிடியும்

அன்றாட வேலைக்கு 4 அங்குல அலகு, ஓர் அங்குல அகலம், முதுகில் 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். பிடி நான்கு விரலும் அடங்கும்படி 4 அங்குலம் இருக்க வேண்டும். பிடித்தவுடன் ஆள்காட்டி விரலின் மேல் சமமாக நிற்கும் கத்தி கைக்கு அலுப்புத் தராது. நுனி ஊசி போல் நீண்டிருந்தால் முதலில் அதுவே உடையும். வயிறு சற்று உருண்டு, நுனி முதுகோடு சேர இறங்கியிருப்பது நல்லது.

பிடியில்தான் பெரும்பாலான கத்திகள் ஏமாற்றுகின்றன. அலகின் எஃகு பிடியின் கடைசி வரை அதே அகலத்தில் ஓடி, இரு பக்கமும் மரம் வைத்து மூன்று ஆணி தட்டியிருந்தால் அந்தப் பிடி ஆயுளுக்கும் நிற்கும். எஃகு ஒல்லியான வால் போலப் பாதி வரை மட்டும் நுழைந்து அரக்கு ஊற்றியிருந்தால், மெல்லிய வேலைகளுக்கு அது போதும். ஆனால் வெயிலில் கிடந்தால் அரக்கு இளகும், ஓங்கிக் குத்தினால் பிடி தனியே வரும். இந்த வகையை வாங்குவதானால் முகப்பில் பூண் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிடிக்குக் கருவேலம், வாகை, புளி, பூவரசு ஆகியவற்றின் முற்றிக் காய்ந்த கட்டை நல்லது. வழவழப்பான பிளாஸ்டிக் பிடி ஈரக் கையில் வழுக்கும். கை அலகின் மேல் சரியாதபடி பிடியின் முன்புறம் சிறு மேடு இருப்பது விரலைக் காக்கும்.

மடக்குக் கத்தி பையில் வைக்க வசதியானதுதான். ஆனால் அதன் மூட்டில் மண்ணும் பாலும் சேரும். அழுத்தும்போது மடங்கி விரலைக் கடிக்கும். தோட்ட வேலைக்கு மடக்காத கத்தியே மேல்.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை

கடையில் நின்ற இடத்திலேயே நான்கு சோதனைகள் செய்யலாம். முதலாவது, பிடியை மேலே வைத்து வாய் நெடுகக் கண்ணை ஓட்டுங்கள். வளைவோ அலையோ தெரியக்கூடாது. இரண்டாவது, அலகை விரல் நகத்தால் சுண்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் விரிசலோ பிடியில் தளர்ச்சியோ இருக்கிறது. மூன்றாவது, கடைக்காரர் அனுமதித்தால் வாயின் அடி ஓரத்தில் சிறு அரத்தை வைத்துத் தள்ளுங்கள். அரம் மெழுகில் போவது போல ஆழமாகக் கடித்தால் எஃகு மிருது. கொஞ்சமும் பிடிக்காமல் வழுக்கினால் மிகக் கடினம், எளிதில் நொறுங்கும். இலேசாகப் பிடிக்க வேண்டும். நான்காவது, வாயை ஒரு பித்தளைக் கம்பியின் மேல் சாய்த்து மெல்ல அழுத்தி இழுங்கள். வாய் சற்று நெளிந்து உடனே நிமிர்ந்தால் பதம் சரி. நெளிந்தபடியே நின்றால் கடினம் போதாது. தெறித்தால் கடினம் மிஞ்சிவிட்டது.

பெட்டியில் அழகாக மூன்று மூன்றாக வரும் எறிகத்திகளைத் தோட்டத்துக்கென்று வாங்க வேண்டாம். அவை எறிவதற்கு மட்டும் செய்யப்பட்டவை. மரப்பிடி இல்லாத ஒற்றைத் தகடு ஆதலால் சிறிது நேரம் அறுத்தாலே உள்ளங்கை கன்றிவிடும்.

தீட்டுவதும் காப்பதும்

நல்ல கத்தியைக் கெடுப்பது பெரும்பாலும் மோட்டார் சாணைதான். பொறி பறக்கத் தீட்டும்போது வாய் நீல நிறமாக மாறினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். அந்த நீலத்தைத் தேய்த்து எடுத்தால் நிறம் போகும். போன பதம் திரும்பாது. சாணை பிடிப்பவரிடம் அடிக்கடி தண்ணீரில் முக்கித் தீட்டச் சொல்லுங்கள். வீட்டிலேயே தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டுவது எல்லாவற்றிலும் நல்லது. ஓர் அங்குல அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து சுமார் 8 மில்லிமீட்டர் உயர்த்திப் பிடித்தால் 20 டிகிரிச் சாய்வு கிடைக்கும். சுண்டுவிரல் நுனி நுழையும் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். இரு பக்கமும் சம எண்ணிக்கையில் தேய்த்து, கடைசியில் பழைய தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்தால் பிசிறு நீங்கும்.

வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். நோய் கண்ட செடியை அறுத்த கத்தியால் நல்ல செடியைத் தொடக்கூடாது. கரும்பில் மறுதாம்புக் குட்டை நோயும், தக்காளி, மிளகாய், புகையிலையில் சில தேமல் நோய்களும் கத்தி வழியாகப் பரவக்கூடியவை. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிய வைத்து, அந்தத் தெளிநீரில் கத்தியைச் சில நிமிடம் முக்கி எடுக்கலாம். இது எஃகை அரிக்கும் ஆதலால் உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். சுத்தம் செய்வதாக எண்ணி அடுப்பில் காய்ச்சக்கூடாது. பதம் போய்விடும்.

உறை இல்லாத கத்தி பாதிக் கத்திதான். பழைய தோல் செருப்பு வாரையோ, கனத்த குழாய்த் துண்டைச் சூடாக்கித் தட்டையாக்கியோ உறை செய்துகொள்ளலாம். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழக்கூடாது. மடியில் வெறும் கத்தியைச் செருகிக்கொண்டு குனிவதும், சைக்கிள் ஓட்டுவதும் அடிவயிற்றுக்கு ஆபத்து.

காயம் பட்டால்

கத்திக் காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மண், சாணம், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. டெட்டனஸ் எனப்படும் ரணஜன்னியின் கிருமி மண்ணிலும் சாணத்திலும்தான் இருக்கிறது. காயம் ஆழமாகவோ மண் பட்டோ இருந்து, கடைசியாகத் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். குத்தி நிற்கும் கத்தியைப் பிடுங்கக்கூடாது. அசையாமல் துணி சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் கீறி இரத்தம் வெளியேற்றும் வழக்கமும் தவறு. விஷம் அதனால் வெளியேறாது. இரத்தப் போக்குதான் கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவை அதில் சேரா. 4 அங்குலக் கத்தி இந்த அளவுக்குள் வரவே வராது. ஆயினும் திருவிழா, பஸ், கூட்டம் கூடும் இடம் ஆகியவற்றுக்குக் கத்தியை எடுத்துச் செல்லாமல் இருப்பதே விவேகம்.

முடிவாக

இளைஞர்கள் கத்தி எறிதலை ஒரு விளையாட்டாகப் பழகுவதில் தவறில்லை. அதற்குத் தனிக் கத்தி, வெட்டுமுகம் முன்னால் தெரியும்படி நிறுத்திய மெத்தென்ற மரத்துண்டு, பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத சுவர், பார்ப்பவர்கள் எறிபவருக்குப் பின்னால் பல அடி தள்ளி நிற்பது ஆகியவை வேண்டும். சிறுவர்கள் தனியே பழகக்கூடாது.

தோட்டத்துக்கு ஒரே ஒரு கத்திதான் வாங்க முடியும் என்றால் ஸ்பிரிங் பட்டையில் அடித்த, எஃகு பிடியின் கடைசி வரை ஓடிய, வாய்க்கு வைக்கோல் மஞ்சளும் முதுகுக்கு நீலமும் பதம் வைத்த 4 அங்குலக் கத்தியை வாங்குங்கள். கை தவறி விழுந்தாலும் உடையாது. வாரம் ஒரு முறை தீட்டினால் வேலைக்கும் குறை வைக்காது. இரண்டு வாங்க முடிந்தால் அரத்தில் செய்த மெல்லிய கத்தி ஒன்றை ஒட்டுக் கட்டவும் காய் அறுக்கவும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கத்தியைக் கொடுக்கும்போது எறியாமல், பிடியை முன்னால் நீட்டிக் கையில் கொடுக்கும் பழக்கத்தைப் பண்ணையில் எல்லோருக்கும் ஏற்படுத்துங்கள். கத்தியும் நீடிக்கும், கையும் நலமாக இருக்கும்.